தோற்றவர் பட்டியலில் இல்லாத பையன்

மதிப்பிற்குரிய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் திரு. அஸ்வினி வைஷ்ணவ் அவர்களுக்கு,

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், தேவய்யா பார்க் பக்கம், ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். என் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். இங்கே பாதி வீடுகளில் இப்படி ஒரு மில் தாத்தா உண்டு. மில்கள் போய்விட்டன. பேரன்கள் பகலில் டெலிவரி பை சுமக்கிறார்கள், இரவில் போனைப் பார்க்கிறார்கள்.

இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்கும் உங்கள் மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. மூன்றே நாள். எங்கள் தெருவில் சாக்கடை அடைப்பெடுக்க இதைவிட நாளாகும். சட்டத்தைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்த ஆட்டம் ஒழியட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் சொல்ல வந்தது, சட்டத்தின் வாசலில் நிற்கும் ஒரு பையனைப் பற்றி.

ஏரியாவில் இவனைப் போன்றவர்களை ‘லிங்க் பையன்’ என்பார்கள். சூதாட்டத் தளம் இவனுக்கென்று ஒரு லிங்க் தரும். அதைத் தட்டி உள்ளே போய்த் தோற்பவர்களின் பணத்தில் இவனுக்குப் பங்கு. டெலிகிராமில் இரண்டாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தான். ‘உறுதியான டிப்ஸ்’ என்று தினமும் எதையாவது போடுவான். உறுதியும் இல்லை, டிப்ஸும் இல்லை. அவனே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

ஒருநாள் ராத்திரி கடையை மூடும் நேரத்தில் வந்தான். “அண்ணா, இதைக் கொஞ்சம் பிரிண்ட் போடுங்க” என்று போனை நீட்டினான். கண்ணாடி விரிசல் விட்ட போன். திரையில் பச்சையும் சிவப்புமாக ஒரு கணக்கு. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். ஓர் எண்ணில் விரலை வைத்து, “இது நம்ம டைலர் அண்ணன்” என்றான். அந்த மாதம் டைலர் தோற்றது 31,000 ரூபாய். அவர் மகளின் பள்ளிக் கட்டண ரசீதுக்கு நான்தான் முந்தின வாரம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அவன் பிரிண்ட் கேட்டது வேறு காரணத்துக்காக. சேர்ந்தபோது நூற்றுக்கு 40 பங்கு என்று பேச்சு. முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் அது 25 ஆகிவிட்டது. பழைய ஆட்களின் கணக்குக்கும் புதிய விகிதம்தான். இந்தக் கணக்கின் சூட்சுமத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவன் கூட்டிவந்தவர்கள் ஒரு லட்சம் தோற்றார்கள் என்று வையுங்கள். அதில் ‘போனஸ்’ என்று 20,000, ‘நிர்வாகச் செலவு’ என்று 15,000 முதலில் கழியும். மிச்சம் 65,000. நாற்பது பங்கென்றால் 26,000 வரும், இருபத்தைந்து என்றால் 16,250. யாராவது பெரிதாக ஜெயித்துவிட்டால் கணக்கு மைனஸில் போய், அந்த மைனஸ் அடுத்த மாதத் தலையிலும் ஏறும். மேலே எவ்வளவு கழித்தார்கள் என்று சரிபார்க்க இவனிடம் எதுவும் கிடையாது. திரையில் அவர்கள் காட்டுவதுதான் கணக்கு.

“ஒரு மாசம் டைலர் அண்ணன் ஜெயிச்சிட்டார்ணா. எனக்கு மைனஸ் ஆயிடுச்சு. அவர் தோக்கணும்னு கோயில்ல நின்னு வேண்டிக்கிட்டேன்.”

பிரிண்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் எங்கே போய் முறையிடுவான்? தளத்தின் உரிமம் குராசோ என்ற கரீபியன் தீவில் வாங்கியது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு 1872இலேயே பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று எழுதிவைத்துவிட்டது. இப்போது உங்கள் சட்டமும் வந்துவிட்டது. பங்கை வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் தைரியமாக வெட்டினார்கள்.

இந்தப் பையன் முதலில் உள்நாட்டு ரம்மி ஆப்களுக்குத்தான் ஆள் பிடித்தான். கர்நாடக அரசு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று ரத்து செய்த பிறகு இங்கே அந்த வியாபாரம் வெளிப்படையாகவே நடந்தது. 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆப்காரர்கள் செலவைக் குறைத்தார்கள், இவனுடைய கமிஷன் சுருங்கியது. வரியே கட்டாத வெளிநாட்டுத் தளத்துக்குத் தாவினான். எங்களுக்கு இது பழகிய பாதைதான். கர்நாடகத்தில் 2007இல் லாட்டரியை ஒழித்தார்கள். ஒற்றை இலக்க லாட்டரிச் சீட்டு பெட்டிக்கடைக்குள் புகுந்துகொண்டது, 2015இல் அந்த விவகாரம் சி.பி.ஐ. வரை போனது.

உங்கள் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நல்ல முடிவு. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். நடத்துபவர் தீவில் உரிமம் வாங்கியவர், கைக்குச் சிக்கமாட்டார். விளம்பரம் செய்பவர் என்றால் இருவகை. முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் இருவரின் 11 கோடி ரூபாய்க்கும் மேலான சொத்தை ஒரு பந்தயத் தள வழக்கில் அமலாக்கத் துறை 2025 நவம்பரில் முடக்கியது. அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். இன்னொரு வகை எங்கள் லிங்க் பையன். 50 லட்சத்தை அவன் எண்ணிப் பார்த்ததுகூட இல்லை.

அவன் அப்பாவி என்று நான் சொல்லமாட்டேன். டைலரின் 31,000க்கு அவனும் பொறுப்பு. ஆனால் அமைச்சர் ஐயா, யார் எவ்வளவு தோற்றார், பணம் எந்த யு.பி.ஐ. ஐ.டி.க்குப் போனது, கமிஷன் ஊர்பேர் தெரியாத எவன் கணக்கிலிருந்து வந்தது என்ற விவரமெல்லாம் அவன் போனில் இருக்கிறது. எங்கள் ஏரியாவில் அந்தக் கூட்டத்தின் கணக்குப்பிள்ளை அவன்தான். கமிஷன் வெட்டுப்பட்ட கோபத்தில் இருக்கும் இந்த நேரத்தில் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வான். கைது பயம் வந்த அன்றைக்கு போனை ரீசெட் அடித்துவிடுவான். என் கடைக்கே வந்து “எப்படிணா அழிக்கிறது” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே ஒரு கெடு வையுங்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ, நீங்களே சொல்லுங்கள். அதற்குள் சிறிய கமிஷன்காரர்கள் தாமாக வந்து கணக்கை ஒப்படைத்தால் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கமிஷனைத் தவணையில் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். கட்டட்டும். பெரிய குற்றங்களில் அப்ரூவர் ஆக வழி இருக்கிறது. இந்தச் சின்னவனுக்கும் ஒரு வழி வேண்டாமா?

இணைய மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு 1930 என்ற எண் இருக்கிறது. இவன் இழந்தவன் இல்லையே, எந்த எண்ணை அழைப்பான்? அன்றைக்கு எடுத்த பிரிண்ட், பதினான்கு பக்கம், கவரில் போட்டு என் கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். போன் தொலைந்தாலும் இருக்கட்டும் என்று அவனே கொடுத்துவைத்தான். எந்த அலுவலகத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், நானே அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீராம்புரம் ஜெராக்ஸ் கடைக்காரன்