பிராடாவின் மரபும் கோலாப்பூர்ச் செருப்பின் சாதியும்

2025 ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில், கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்த காலணிகள் இடம்பெற்றன. நிறுவனம் அவற்றை வெறும் தோல் செருப்புகள் என்றே குறிப்பிட்டது. கோலாப்பூரின் பெயர் எங்கும் இல்லை. கண்டனங்கள் எழுந்த பின்னரே, இந்தியக் கைவினை மரபிலிருந்து அவ்வடிவம் பெறப்பட்டதாக ஒப்புக்கொண்டது.

மரபின் மதிப்பை அறியாத நிறுவனமன்று பிராடா. 1913இல் மரியோ பிராடா மிலானில் திறந்த தோல்பொருள் கடையே அதன் தொடக்கம். அந்த ஆண்டும் அந்தக் குடும்பப் பெயருமே இன்றும் அதன் மூலதனம். 1978இல் பொறுப்பேற்ற பேத்தி மியுச்சா பிராடா, அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியிலும் பெண்ணுரிமை இயக்கத்திலும் இயங்கியவர். 1984இல் அவர் நைலானில் தோள்பை செய்தார். 1988இல் பெண்களுக்கான ஆடை வரிசையைத் தொடங்கினார். 1990களின் நடுவில், அழகற்றவை என ஒதுக்கப்பட்ட நிறங்களையும் அச்சுகளையும் உயர்குடி ஆடைக்குள் கொண்டுவந்தார். தாழ்வாகக் கருதப்பட்டதை எடுத்து விலையுயர்ந்ததாக மாற்றுவதே அவரது வடிவமைப்புக் கோட்பாடு.

நைலானுக்குச் சாதி இல்லை. கோலாப்பூர்ச் செருப்புக்கு உண்டு. மகாராஷ்டிரத்தில் தோர், சம்பார் சமூகத்தினரும் கர்நாடகத்தில் சமகாரரும் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகின்றனர். கருவேலம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தி, ஆணியின்றித் தோல் வாரினாலேயே தைக்கின்றனர். மேற்பகுதியை அழகுசெய்யும் பின்னல் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்த இம்மக்களுக்கு, ஆதிக்க சாதியினர் தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமை மறுக்கப்பட்டது. இதே தோல் வேலையின் பெயரால்தான் 2016இல் குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். ஆக, ஒரு குடும்பத்திற்குத் தோல் தொழில் பெருமைமிகு மரபு. மற்றவர்களுக்கு அதுவே தீண்டாமைக்குக் காரணம்.

பிராடாவுக்கு எதிராக எழுந்த குரல்களில் பெரும்பாலானவை ‘இந்தியப் பெருமை’ களவாடப்பட்டதாகக் கொதித்தன. அந்தப் பெருமைக்குள் செருப்புத் தைப்பவரின் சாதி மறைந்துபோனது. சட்டமும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு இரு மாநிலங்களின் அரசுத் தோல்தொழில் கழகங்களின் பெயரில் உள்ளது. அது பெயரைக் காக்குமே தவிர வடிவத்தைக் காக்காது. பிராடாவோ பெயரையே பயன்படுத்தவில்லை. இது குறித்த பொதுநல வழக்கையும், மனுதாரர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் அல்லர் என்று கூறி, 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதே ஆண்டு டிசம்பரில் இவ்விரு கழகங்களுடனும் பிராடா ஒப்பந்தம் செய்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 2,000 இணைச் செருப்புகள் செய்யப்பட்டு, ஓர் இணை ஏறத்தாழ 800 யூரோவுக்கு விற்கப்படும் என்றும், கைவினைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. எண்பதாயிரம் ரூபாய்க்கும் மேலான விலை அது. உள்ளூர்ச் சந்தையில் அச்செருப்பு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

இந்த ஒப்பந்தத்தை முழுவதும் புறந்தள்ள வேண்டியதில்லை. போராட்டத்தின் அழுத்தமின்றி இதுவும் நிகழ்ந்திராது. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. 800 யூரோவில் தைத்தவருக்கு எவ்வளவு? பின்னல் பின்னிய பெண்ணின் கூலி தனியாகக் கணக்கிடப்படுகிறதா? புவிசார் குறியீட்டின் உரிமையில் கைவினைஞர் கூட்டுறவுகளுக்கு இடம் உண்டா? கைவினையின் பெயரோடு அதைச் செய்த சமூகங்களின் பெயரும் சொல்லப்படுமா? இவற்றுக்கு விடை கிடைக்காதவரை, இந்த ஒப்பந்தத்தால் உயர்வது செருப்பின் விலை மட்டுமே. தைத்தவரின் நிலை அன்று.