வாளாவிருப்பவனுக்கு யார் பொறுப்பு?

மனிதன் தன் இலாப நட்டத்தைப் பிசகாது கணக்கிட்டு நடப்பவன் என்பது பழைய பொருளியலாளர் பலரின் துணிபு. அது பொய்யென்பதை எந்தக் கடைக்காரரும் அறிவர். ஆயினும் அதனை ஆய்ந்து நிறுவுவதற்கு நடத்தைப் பொருளியல் என்றொரு துறையே வேண்டியிருந்தது. அத்துறையில் உழைத்த டானியல் கானெமன் 2002இலும், றிச்சட் தேலர் 2017இலும் நோபல் பரிசு பெற்றனர். பிரித்தானிய அரசோ 2010இலேயே இக் கலையை ஆட்சியிற் கையாளத் தனிக்குழு ஒன்றை அமைத்துவிட்டது.

அந்நாட்டின் ஓய்வூதிய ஏற்பாட்டை நோக்குவோம். முன்னர், பல தொழில்நிலையங்களில், நிதியிற் சேர விரும்பும் தொழிலாளி தானே முன்வந்து படிவம் நிரப்புதல் வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தலைகீழாக்கிற்று. 2012 ஒக்டோபர் தொடக்கம், 22 வயதடைந்து குறித்த அளவு சம்பளம் பெறுவோரை முதலாளியே சேர்த்துவிடுதல் வேண்டும், வேண்டாதவன் விலகலாம். கோடிக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். விலகியோர் ஏறக்குறையப் பத்தில் ஒருவரே.

நற்பணிதான், மறுப்பதற்கில்லை. ஆயின், சேரச் செய்த அதே சோம்பல் சேர்ந்த இடத்திலேயே கட்டியும் போடுகின்றது. மட்றியன், ஷே எனும் இரு ஆய்வாளர் ஓர் அமெரிக்கக் கம்பனியைப் பற்றி 2001இல் வெளியிட்டதைக் கேளுங்கள். தானாகச் சேர்க்கும் முறை வந்ததும், புதிய ஊழியருள் நிதியிற் சேர்ந்தோர் நூற்றுக்கு 49இலிருந்து 86 ஆயினர். ஆனால் அவருட் பெரும்பாலோர் கம்பனி குறித்த 3 வீதத்தையும், அது தெரிந்த மந்தமான முதலீட்டையும் விட்டு அசையவில்லை. முன்பு தாமாகச் சேர்ந்தோரோ அதனினும் கூடுதலாகவே சேமித்து வந்தவர்கள்!

பிரித்தானியாவில் அவ்வீதம் 2019 ஏப்பிரல் முதல் 8. அதுவும் சம்பளத்தின் ஒரு பகுதிக்கே. அரசு குறித்த தொகை போதுமான தொகையாகத்தான் இருக்கும் என்று தொழிலாளி நம்பியிருந்தால் அது அவன் குற்றமா? மௌனத்தைச் சம்மதமாகக் கொண்ட அரசு, முதுமையில் அவன் கை வறண்டு நிற்கையில், "கூட்டிக் கட்ட உனக்கு உரிமை இருந்ததே" என்று கைகழுவுதல் எவ்வாறு நீதியாகும்?

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வேறு வழியிற் சென்றது. அதன்கீழ் இன்று ஊழியர் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் கட்டாயமாக அறவிடப்படுகின்றன. கட்டாயம் கசக்கும், கசப்பதனாலேயே தொழிற்சங்கங்கள் அதனைப் பற்றி வாய்திறக்கின்றன. மெல்லத் தள்ளும் கையோ உறைப்பதில்லை. ஆதலால் அதனை வினாவுவோரும் குறைவு. எனவே இத்தகைய ஏற்பாடு எதிலும், ஒன்றும் செய்யாதவனுக்கு என்ன நேரும் என்பது சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டு, குறித்த காலத்துக்கொருமுறை பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படல் வேண்டும்.

பிரித்தானியாவில் 2023இல் மற்றொரு சட்டம் நிறைவேறிற்று. வயதெல்லையைக் குறைக்கவும், சம்பளத்தை முதற் பவுணிலிருந்தே கணக்கிற் கொள்ளவும் அஃது அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. எந்நாளுக்குள் அதனைச் செய்தல் வேண்டும் என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை. தொழிலாளி வாளாவிருந்தால் அவன் சம்பளத்திற் பிடிக்கப்படும். அமைச்சர் வாளாவிருந்தால் எதுவும் நடவாது.