படகுக்கு மாற்று யந்திரம்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைந்திருக்கிறது. 1993-ல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனம், மூன்று மனிதரைக் கடலில் 6000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்கென ‘மத்ஸ்யா 6000’ என்னும் கலத்தை உருவாக்கி வருகிறது. நாட்டுக்குப் பெருமை தரும் முயற்சி அது. ஆனால் அங்கிருந்து கிழக்கே சில மைல் சென்றால் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர் என மீனவர் குப்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு படகின் யந்திரம் தேய்ந்து போனால், அதற்கு மாற்று எது, அதை எவ்வாறு பொருத்துவது என்னும் கேள்விக்கு மீனவன் தன் அநுபவத்தை மட்டுமே துணையாகக் கொண்டு விடை தேட வேண்டியிருக்கிறது. இந்தச் சில மைல் இடைவெளியைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

படகின் உடல் மரமாயினும் கண்ணாடி நாராயினும், நன்கு பேணினால் நெடுநாள் நிற்கும். முதலில் மூப்படைவது யந்திரமே. அப்பொழுது படகுக்காரன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடன் பட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது. மற்றொன்று, பழைய யந்திரத்தை அது நிற்கும் வரையில் ஓட்டுவது. ஆனால் அது எங்கே நிற்கும் என்பதை யார் அறிவார்? சாலையில் நின்ற லாரியை நாலு பேர் இறங்கித் தள்ளலாம். கடலில் நின்ற படகை யார் தள்ளுவது? ஆகவே, இது பணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. உயிரைப் பற்றிய விஷயமுமாகும்.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதலும் துணிவும் நம்மவருடையவை. காலியா, லாவோ என்னும் கப்பல்களோ பிரான்ஸிலிருந்து வாங்கப் பெற்றவை. அன்று வேறு வழியில்லை. இன்றைய நிலை வேறு. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிகளோடு படகு யந்திரங்களையும் செய்யும் ஸ்தாபனமாக வளர்ந்தது. கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை அமைந்தது. தாம்பரத்தில் 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. கடைசல் பிடிக்கவும் வார்ப்பு வார்க்கவும் தேர்ந்த கைகள் இப்பகுதியில் ஏராளம். இல்லாதது கைத்திறன் அன்று. அக்கைகளைக் கடற்கரையோடு சேர்க்கும் ஏற்பாடே.

லாரி யந்திரம் ஒன்றைக் கழற்றிப் படகில் வைத்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பெருந்தவறு. சாலையில் யந்திரத்துக்கு இறக்கமுண்டு, ஓய்வுண்டு. கடலிலோ, நாள் முழுவதும் மலையேறும் லாரியைப் போல் அது இடைவிடாது பாரம் இழுக்க வேண்டும். காற்றால் குளிரும் ரேடியேட்டர் மூடிய படகுக்குள் பயன்படாது. உப்பு நீரை நேரே உள்ளே விட்டால் துருவும் உப்புப் படிவும் குழாய்களை அடைத்துவிடும். ஆதலால் உள்ளே நன்னீர் சுழல, அதன் வெப்பத்தைக் கடல்நீர் வாங்கிச் செல்லும்படி தனிக் கருவி அமைக்க வேண்டும். புகைக் குழாய்க்கு நீர்ச் சட்டை போர்த்த வேண்டும். லாரியின் கியருக்குப் பதிலாக, வேகத்தைக் குறைத்துப் பின்னோக்கியும் செலுத்தும் கியர் வேண்டும். விசிறியின் உந்து விசையைத் தாங்குவதும் அக்கியர்ப் பெட்டியே. விசிறி அளவுக்கு மிஞ்சினால் யந்திரம் கரும்புகை கக்கித் திணறும். குறைந்தால் வீணே விரைந்து சுழன்று தேயும். இவை யாவும் செய்த பின்னரும், தண்டின் நேர்மையைப் படகு நீரில் மிதக்கும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். ஏனெனில் கரையில் இருக்கும் உடல் வேறு, நீரில் மிதக்கும் உடல் வேறு. இரு இணைப்புத் தட்டுகளுக்கும் இடையே மயிரிழை கோணினாலும் தாங்கிகள் விரைவில் தேய்ந்து போகும்.

இவையெல்லாம் நம்மால் ஆகாதவை அல்ல. 1979-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் வங்கக் கடல் திட்டத்தைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிற்று. துறைமுகமில்லாத, அலை மோதும் மணற்கரைக்கு ஏற்ற யந்திரப் படகைச் சமைப்பது அதன் வேலைகளுள் ஒன்று. அலையில் விசிறி மணலில் இடித்து ஒடிவதே அதிலுள்ள இடர். அத்திட்டத்தார் சிறு டீசல் யந்திரத்தையும் தண்டையும் ஒருசேர அசையும்படி பொருத்தி, கரை நெருங்குகையில் விசிறியைத் தூக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். கரையை யந்திரத்துக்கு ஏற்ப மாற்றாமல், யந்திரத்தைக் கரைக்கு ஏற்ப மாற்றியதே அதிலுள்ள பாடம்.

செய்ய வேண்டுவது யாதெனில், குப்பங்களுக்கு அருகில் ஒரு பொதுப் பட்டறை அமைய வேண்டும். புதுப்பித்த யந்திரத்தைக் கடலுக்கு அனுப்புமுன் பல மணி நேரம் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கும் மேடை அங்கே இருத்தல் அவசியம். தேறாத யந்திரத்தைத் தேறாது என்று கூறும் துணிவும் வேண்டும்; எல்லாப் பழைய யந்திரமும் புதுப்பிக்கத் தக்கதல்ல. சர்க்கார் மானியம் புதிய யந்திரத்தோடு நின்றுவிடாமல், முறையாகச் சோதித்துப் புதுப்பித்த யந்திரத்துக்கும் கிடைக்க வேண்டும். பட்டறையின் நிர்வாகத்தில் மீனவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கடலில் எது ஒடியும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?

குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரி, தொடக்கத்திலேயே மோட்டார் வண்டித் தொழிலை ஒரு பாடமாகக் கொண்டது. 1950-களில் அங்கே விமானத் தொழில் பயின்ற அப்துல் கலாமின் தந்தை, இராமேசுவரத்தில் மரப்படகு கட்டியவர். படகு கட்டியவரின் மகன் அக்கல்லூரியிலிருந்து ராக்கெட் வரையில் சென்றார். அக்கல்லூரியின் அறிவு படகிடம் திரும்பி வருவதில் என்ன இழுக்கு? விண்ணையும் ஆழ்கடலையும் அளக்கும் நாடு, அலைமேல் செல்லும் ஏழையின் படகை மறக்கலாகாது. ஆட்சியாளரும் ஆசிரியரும் தொழிலதிபரும் கூடி இவ்வேலையை இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.