அத்தையின் ரேடியோவும் என் புது பல்பும்

என் மாமியாருக்கு வயது 82. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. டி.வி. அவருக்கு வெறும் வெளிச்சம்தான். துணை என்றால் தலைமாட்டு ரேடியோ ஒன்றுதான். மீடியம் வேவில் செய்தி கேட்காமல் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் போன தை மாதம் ஒருநாள், "இதை எடுத்து உள்ளே வெச்சிடும்மா. என் காதும் போயிடுச்சு, ஒரே இரைச்சலாக் கேக்குது" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காது டாக்டரிடம் போகத் தேதிகூடக் குறித்தாயிற்று.

அதற்குள் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் ரேடியோ இருட்டில் கணீரென்று பேச ஆரம்பித்தது! அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்ததும் மறுபடி 'கொர்ர்'. அடடா, கோளாறு காதில் இல்லை, வீட்டில் அல்லவா இருக்கிறது!

மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். முதல் குற்றவாளி, நானே ஆசையாக வாங்கி அத்தை அறையில் மாட்டிய மலிவு எல்.இ.டி. பல்பு! இரண்டாவது, பெரியவனின் செல்போன் சார்ஜர். இவற்றின் உள்ளே இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதில் கிளம்பும் அலை, வீட்டு வயரையே ஏரியலாக்கிக்கொண்டு ரேடியோவில் புகுந்துவிடுகிறது. மீடியம் வேவில் அலையின் உயரம் ஏறி இறங்குவதுதான் நமக்குப் பாட்டு. இரைச்சலும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் என்பவர் எஃப்.எம். முறைக்கு வழி கண்டு, 1933ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அத்தை பழகிய நிலையம் அதில் வராதே!

பல்பை மாற்றினேன். (உள்ளே பிரித்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், சகோதரிகளே!) எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஃபெரைட் வளையம் கேட்டு வாங்கி, வயரை சார்ஜர் ஓரமாக அதில் ஐந்து சுற்றுச் சுற்றினேன். கம்ப்யூட்டர் வயரில் குண்டாக ஒன்று இருக்குமே, அதே சாமான்தான். சும்மா நுழைத்தால் போதாது, சுற்றச் சுற்றத்தான் பலன். மிச்ச இரைச்சலுக்கு ரேடியோவைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மெல்லத் திருப்பினேன். உள்ளே படுத்திருக்கும் ஏரியல் கம்பியின் நுனி இரைச்சல் வரும் பக்கம் பார்த்தால், அது அடங்கிவிடுகிறது.

டாக்டரிடமும் போய்த்தான் வந்தோம். வயதுக்குக் காது மோசமில்லையாம். இப்போது யாராவது வேறு சார்ஜரை மாட்டினால் போதும், "யாருடா அது, பிடுங்குடா!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.