வீட்டுக்கு அனுப்பினால் போதுமா?



மலரில் தன்னம்பிக்கை, வேலைவாய்ப்பு என்று பலரும் எழுதுவார்கள. நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் 'ஹோமில்' வளர்ந்தவன். மூன்று வருஷமாக நம் கிளாஸில் யாரிடமும் சொன்னதில்லை.

நான் இரண்டாவது படிக்கும்போது அப்பா இறந்துட்டார். அம்மா சித்தாள் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வரும். 'மூணு வேளை சோறாவது கிடைக்கும், படிக்கவும் வைப்பாங்க' என்று 2015-ல் என்னை ஓர் இல்லத்தில் சேர்த்தது. அம்மா உயிரோடு இருந்தும் ஐந்து வருஷம் அம்மா இல்லாத பிள்ளையாக இருந்தேன். காரணம் வறுமை ஒன்றுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியதும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் ராத்திரி, தட்டைக் கழுவி எடுத்துக்கிட்டு வாசலில் போய் நின்னேன். வரிசையில் நின்ற பழக்கம்! அம்மா தட்டை வாங்கி வைத்துவிட்டு அழுதது.

அந்த வருஷம் நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த 2,27,000-க்கும் அதிகமான பிள்ளைகளில் 1,45,000-க்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. தமிழ்நாடு உள்பட எட்டு மாநிலங்கள் நூறு நாளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் அதே வருஷம் கேட்டது.

இது தப்பா? தப்பில்லை. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமே, பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் இல்லத்தின் முதல் நோக்கம் என்கிறது. இல்லத்தில் வைப்பது கடைசி வழிதான். ஆனால் 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எந்த வறுமைக்காகப் பிள்ளையை விட்டார்களோ, அந்த வறுமை அதே வீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கே!

எனக்கு அதிர்ஷ்டம். எங்க ஊர் அரசுப் பள்ளி டீச்சர் ஒருத்தர் வீடு தேடி வந்தார். 'டி.சி. அப்புறம் பார்த்துக்கலாம், பையனை அனுப்பும்மா' என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்று என்னை டிப்ளமோ வரை கொண்டுவந்திருக்கிறது.

இல்லத்தில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனையும் அதே வாரம் அனுப்பினார்கள். அவன் அப்பா குடிகாரர். அவன் வீட்டைத் தேடி யாரும் வரவில்லை. இரண்டு வருஷம் முன்னால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலையாம். 'நீ படிக்கிறியாடா?' என்று கேட்டுவிட்டு என் பையைத் தொட்டுப் பார்த்தான். எனக்குப் பதில் வரவில்லை.

இல்லத்தின் கணக்கில் நாங்கள் இரண்டு பேருமே 'வீடு சேர்ந்தவர்கள்'!

என் கருத்து இதுதான். அனுப்பும் முன் வீட்டைப் போய்ப் பார்க்கணும். அடிக்கிற வீடென்றால் அனுப்பவே கூடாது. பள்ளியில் இடம் வாங்கித் தரணும். அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்கணும். அனுப்பிய பிறகும் யாராவது வந்து பார்க்கணும். பணமும் வேண்டும். வீடு சேர்ந்த பிள்ளைகளின் படிப்புக்கு, குடும்ப நிலையைப் பார்த்து மாதம் 2,000 ரூபாய் தரச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மிஷன் வாத்சல்யா திட்டத்திலும் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. எத்தனை சித்தாள் அம்மாக்களுக்கு இது தெரியும்? எங்க அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும்!

நண்பர்களே, உங்கள் தெருவிலும் அப்படித் திரும்பி வந்த பிள்ளை இருக்கலாம். பள்ளி நேரத்தில் அவனை டீக்கடையிலோ பட்டறையிலோ பார்த்தால் சும்மா போய்விடாதீர்கள். 1098-க்கு ஒரு போன் போடுங்கள். இல்லையென்றால் அந்த டீச்சர் மாதிரி அவன் வீட்டு வாசலுக்கு ஒரு தடவை போங்கள். எனக்கு ஒருத்தர் வந்தார். அவனுக்கு ஒருத்தர் வந்திருந்தால், இந்த மலரில் அவனும் எழுதியிருப்பான்.

– இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை