நோயாளியைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்புகளைக் கணக்கிடும்போது காணி, வீடு, கிணறு, விதைநெல் என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் வராத இழப்பும் ஒன்றுண்டு. ஊரில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் தங்கச்சி, மச்சாள், பக்கத்து வளவு மாமி என நாலு பேர் மாறி மாறி இருப்பார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் வலிகாமம் எங்குமிருந்தும், 2008, 2009 ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் மக்கள் எழும்பியபோது அந்த நாலு பேரும் நாலு திசைக்குப் போய்விட்டனர். நோயாளியோடு எஞ்சியிருப்பவர் ஒருவர்தான். பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள்.

அவருடைய வேலை இலேசானதல்ல. எழும்ப முடியாமல் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவிலும் அதே வேலைதான். விடிந்தால் கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும். மாதக்கணக்கில் தூக்கமில்லாதவருக்கு நாரிப்பிடிப்பு வரும், வாயில் கடுஞ்சொல்லும் வரும். அதைப் பாசக்குறைவு என்று சொல்வது அநியாயம். அவர் விழுந்தால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவராகிவிடுவர்.

"பெற்ற தாயைப் பிறத்தியார் கையில் விடுவதா?" என்று கேட்போர் எம்மிடையே பலர். ஆனால் அப்படிக் கேட்பவர்கள் ஓர் இரவு வந்து காவலிருப்பதில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. நல்லது. கடமையைச் செய்கிறவர் இளைப்பாற வழி செய்வது ஊரின் கடமை என்று நாம் சொல்ல வேண்டும்.

கேரளத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1993 இல் கோழிக்கோட்டில் நோவு தணிக்கும் பராமரிப்புச் சங்கம் ஒன்று தொடங்கியது. பின்னர் அயலவர்களே பயிற்சி பெற்று, தம் ஊர் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும் முறை பரவியது. 2008 இல் மாநில அரசும் இதற்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது.

எமக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணற்றுக்கு இறைப்பு முறை வைத்தவர்கள் நாங்கள். இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு என்று தண்ணீரைப் பங்கிட்டோம். நேரத்தையும் அப்படிப் பங்கிடலாம். ஐந்து வீடுகள் சேர்ந்தால் போதும். கிழமைக்கு இரண்டு தரம், மூன்று மணித்தியாலம் ஒருவர் வந்து இருக்கட்டும்.

இதைத் தொடங்குமுன் சில ஒழுங்குகள் தேவை. என்ன மருந்து, எந்நேரம், எப்படிப் புரட்டுவது, எதை உண்ணக் கொடுப்பது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தலையை உயர்த்தி இருத்தியே உணவூட்ட வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கமும் இருக்கட்டும். முதல் இரண்டு தடவையும் வீட்டுக்காரர் கூடவே இருந்து காட்டிக் கொடுக்க வேண்டும். அறியாத வீட்டுக்கு இளம் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்புங்கள். ஆண் நோயாளிகளைத் தூக்கிப் புரட்ட ஆண்களும் முறைக்கு வரவேண்டும். சக்கர நாற்காலி போன்ற உதவிகளுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள்.

"இங்குள்ளவர்கள் வேறு வேறு ஊரார், எப்படி நம்புவது?" என்று சிலர் தயங்கலாம். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே அடுப்பில் சமைத்து உண்டவர்கள், முன்பின் தெரியாதவர்களின் பிள்ளைகளைத் தூக்கி நடந்தவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கை இன்னும் எம்மிடம் மீந்திருக்கிறது.

கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் விறகு பொறுக்கவோ புல்லுப் பிடுங்கவோ போகவேண்டாம் என்று பராமரிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படுத்து உறங்குங்கள், அல்லது தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். காலபோக விதைப்புத் தொடங்கினால் ஒருவருக்கும் நேரமிராது. அதற்கு முன்பே உங்கள் மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ இதைப் பேசி, முதல் ஐந்து வீடுகளின் பெயரை எழுதிவிடுங்கள்.