ஏழு தட்டு

கல்யாணத்தில் ஏழு அடி எடுத்து வைத்தால் ஒரு பெண் மனைவியாகிவிடுகிறாள். ஆண்ட்ராய்டு போனில் ஏழு தடவை தட்டினால் அவள் நிபுணராகிவிடுகிறாள்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'போனைப் பற்றி' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால், "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று போனே பட்டம் கொடுத்துவிடுகிறது. அதோடு ஒரு புதிய பக்கமும் திறந்துகொள்கிறது. 2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதற்கொண்டு இந்த வழக்கம். அதற்கு முன்பு அந்தப் பக்கம் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. பிறகுதான், ஊறுகாய் ஜாடியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பரணில் ஏற்றி வைப்பதுபோல் மறைத்து வைத்தார்கள்.

எதற்கு அந்தப் பக்கம்? செயலிகளை எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதைப் போனிலேயே சோதித்துப் பிழை பார்ப்பதற்கு. 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்றுதான் நானும் இருந்தேன், போன மாதம் வரையில்.

என் பெரியம்மாவுக்கு வயது 74. ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒன்பது வகை மாத்திரை. கடைக்கு அலைய வேண்டாமே என்று, என் அக்கா பெண் வேலை பார்க்கும் கம்பெனியின் மருந்துச் செயலியை அவள் போனில் போட்டுக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் போய்ப் பார்த்தால் மாத்திரை டப்பா காலி! இரண்டு நாளாக ரத்த அழுத்த மாத்திரையே சாப்பிடவில்லையாம்.

"ஏன் பெரியம்மா, ஆர்டர் பண்ணவில்லையா?"

"பண்ணாமலென்ன? ஒன்பது பெயரையும் எழுத்துக் கூட்டி அடித்தேன். டாக்டர் சீட்டைப் போட்டோ எடு என்றது. எடுத்தேன். திரும்பி வந்தால் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருக்கிறது. நாலு தடவை ஆயிற்று. எனக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதேடி!"

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியுமா? அக்கா பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என் போனில் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டேன், சித்தி. சரியாகத்தான் வருகிறது. பாட்டி எதையாவது மாற்றி அழுத்தியிருப்பாள்" என்றாள்.

"அது சரி, உன் போன் என்ன விலை, பாட்டி போன் என்ன விலை?" என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

விஷயம் இதுதான். அவள் போனின் நினைவகம் 12 ஜி.பி. பெரியம்மாவுடையது வெறும் 2 ஜி.பி. சின்னச் சமையலறையில் பெரிய அண்டாவை ஏற்ற வேண்டுமானால், மேடையில் இருப்பதை எல்லாம் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறதல்லவா? காமிரா அப்படிப்பட்ட அண்டா. அது வந்து உட்கார்ந்ததும், பெரியம்மாவின் போன் மருந்துச் செயலியை இறக்கி வைத்துவிட்டது. இறக்குமுன் எது எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வது செயலியின் கடமை. இந்தச் செயலி குறித்துக்கொள்ளவில்லை. பெரிய சமையலறையில் எதையும் இறக்க வேண்டிய அவசியமே வராததால், அங்கே இந்தக் குறை தெரியவே தெரியாது.

அக்கா பெண் அந்த மறைவுப் பக்கத்தைத் திறந்து, 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்ற ஒரு விசையைப் போட்டாள். விட்டு வந்த திரையை உடனே கலைத்துவிடு என்று அதற்கு அர்த்தம். பிறகு ஒன்பது மருந்தை அடித்தாள், காமிராவுக்குப் போனாள், திரும்பினாள். சிலேட்டு சுத்தமாக இருந்தது!

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியம்மா வீட்டுக்கு வந்து, அவள் போனில் 'பாயின்டர் லொகேஷன்' என்ற இன்னொரு விசையைப் போட்டாள். விரல் போகிற பாதையைக் கோலம் இழுத்ததுபோல் திரையில் கோடாகக் காட்டுகிறது அது. பெரியம்மா 'அனுப்பு' பொத்தானைத்தான் அழுத்தினாள். ஆனால் விரல் நடுங்கி இம்மி நகர்ந்துவிட்டது. பக்கத்தை மேலே தள்ளச் சொல்கிறாள் என்று செயலி நினைத்துக்கொண்டது. நகராத இடத்தில் அந்தப் பொத்தானை வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களும் ஏழு தட்டுத் தட்டக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே 'யு.எஸ்.பி. டீபக்கிங்' என்று ஒன்று உண்டு. கம்பி மூலம் இணைத்த கம்ப்யூட்டருக்கு அது போனைத் திறந்துவிடும். அதன் வழியாகச் செயலியை ஏற்றலாம், போனில் இருப்பதை எடுக்கலாம். புதிய கம்ப்யூட்டர் என்றால் போன் உங்கள் சம்மதத்தைக் கேட்கும் என்பது வாஸ்தவம். ஆனால் சம்மதம் வாங்குவதில்தானே மோசக்காரர்கள் கெட்டிக்காரர்கள்! முன்பின் தெரியாதவர் போனில் கூப்பிட்டு இதையெல்லாம் போடச் சொன்னால், பேச்சை அங்கேயே துண்டித்துவிடுங்கள். அந்தப் பக்கம் திறந்திருந்தாலே சில பாங்குச் செயலிகள் வேலை செய்ய மறுக்கும். சோதனை முடிந்ததும் மேலே உள்ள விசையை அணைத்துவிட வேண்டும். அக்கா பெண் தன் போனில் அணைக்க மறந்துவிட்டு, மறுநாள் காலையில் பாதி எழுதிய கடிதம் ஒன்றைப் பறிகொடுத்தாள்!

நாம் செய்யக்கூடியது வேறு ஒன்று உண்டு. போன் சொன்னபடி கேட்காவிட்டால், "எனக்குத் தெரியவில்லை" என்று மூலையில் வைத்துவிடாதீர்கள். என்ன போன், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன ஆயிற்று என்று மூன்று வரி அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள். அவர்கள் கையில் இத்தனை விசைகள் இருந்தும், எதைப் போட்டுப் பார்ப்பது என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரத்தில் திருத்திய செயலி வந்தது. ஒன்பது மாத்திரையும் வீடு வந்து சேர்ந்தன.

"தப்பு என்னுடையதுதான், பாட்டி" என்றாள் அக்கா பெண்.

பெரியம்மா சற்று நேரம் யோசித்தாள். "அப்படியானால் எனக்கு வயசாகவில்லை என்கிறாயா?"

"வயசாகியிருக்கிறது, பாட்டி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!"